அடிபட்ட முன்பற்களுக்கு உடனே ரூட் கேனால் வேண்டுமா?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. வயது 34. நான்கு நாளைக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் மேல் முன்பற்கள் இரண்டும் அடிபட்டுவிட்டன. வலப்பக்கப் பல்லின் மூலை உடைந்தது, இடப்பக்கப் பல் அண்ணத்தை நோக்கிச் சாய்ந்தது. முதலில் பார்த்த டாக்டர் அன்றைக்கே பல்லை நிமிர்த்திக் கம்பி கட்டி, பொறுத்துப் பார்க்கலாம் என்றார். இரண்டாவது டாக்டர் ஐஸ் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டிலும் உணர்வு இல்லை, நரம்பு செத்துவிட்டது, இரண்டுக்கும் உடனே ரூட் கேனால் செய்து கேப் போட வேண்டும் என்கிறார். யாரை நம்புவது என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அடிபட்ட நாலாம் நாளில் செய்த ஐஸ் சோதனையை வைத்து ஒரு பல் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று முடிவு கட்டலாமா? கட்டக் கூடாது.

வாயையும் எக்ஸ்ரேயையும் பார்க்காமல், நீங்கள் சொன்னதை மட்டும் வைத்து எழுதுகிறேன். அந்த வரம்புக்குள் என் கருத்து இதுதான்: உடைந்த பல் விஷயத்தில் முதல் டாக்டர் சொல்வது சரி. சாய்ந்த பல் விஷயத்தில் இரண்டாவது டாக்டர் சொல்லும் சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படும், ஆனால் அவர் சொல்லும் காரணம் சரியில்லை. கேப் இரண்டுக்குமே இப்போது வேண்டாம். ஒரே விபத்தில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பற்களுக்கு இரண்டு விதமான காயம் வந்திருக்கிறது. எந்தப் பல்லுக்கு என்ன காயம் என்று பெயர் சொல்லிவிட்டால், சிகிச்சையும் அதற்கான நாள் கணக்கும் பெரும்பாலும் தானாக வந்துவிடும். பல் காயங்களுக்கான சர்வதேசச் சங்கம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதல் முழுவதும் இப்படித்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது.

முதலில் ஐஸ் சோதனை. குளிர் சோதனையும் மின் சோதனையும் பல்லுக்குள் இருக்கும் நரம்பு பதில் சொல்கிறதா என்று மட்டுமே காட்டும். பல்லின் உள்திசுவை வாழவைப்பது ரத்த ஓட்டம். அடி விழுந்த அதிர்ச்சியில் நரம்பிழைகள் வேலையை நிறுத்திவிடும், ரத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். உணர்வு திரும்ப 3 மாதம் வரை ஆகலாம், சில பற்களில் அதற்கு மேலும் ஆகும். ரத்த ஓட்டத்தையே அளக்கும் கருவிகள் உண்டு, ஆனால் சாதாரண கிளினிக்குகளில் அவற்றைப் பார்க்க முடியாது. சோதனை செய்யும் முறையிலும் கோளாறு வரும். ஐஸ் கட்டியைப் பல்லில் வைத்தால் உருகும் தண்ணீர் ஈறில் வழிந்து, உணர்வில்லாத பல்லுக்கும் உணர்வு இருப்பதாகக் காட்டும். ஸ்பிளின்ட்டுக்காக, அதாவது பற்களைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பிக்கட்டுக்காக, ஒட்டிய காம்போசிட் என்ற பல் நிறப் பூச்சு பல்லின் முகப்பை மூடியிருந்தால் குளிர் உள்ளே போகாமல், நல்ல பல்லும் பேசாது. குளிர் ஸ்பிரே அடித்த சிறு பஞ்சை, அடிபடாத ஒரு பல்லில் முதலில் வைத்து, உங்களுக்கு அந்த உணர்வு எப்படி இருக்கும் என்று பழக்கிய பிறகே அடிபட்ட பல்லில் வைக்க வேண்டும். முதல் நாளில் கிடைக்கும் 'இல்லை' என்ற பதிலுக்கும் பயன் உண்டு: பின்னால் வரும் பதில்களை ஒப்பிட அது தொடக்கப் புள்ளி. அதை மட்டும் நம்பி வேர்க்கால்வாயைத் திறக்கக் கூடாது. உள்திசு இறந்தது என்று சொல்லக் குறைந்தது இரண்டு அறிகுறிகள் சேர்ந்து வர வேண்டும்: 3 மாதம் கடந்தும் உணர்வு இல்லாமை, சாம்பல் நிறம் நிலைத்துப் போவது, தட்டினால் வலி குறையாமல் இருப்பது, ஈறில் சீழ்க் கொப்புளம், எக்ஸ்ரேயில் வேர்நுனியைச் சுற்றிக் கருநிழல் என்பவற்றில் எவையேனும் இரண்டு.

இனி உடைந்த பல். எனாமல் மட்டும் சிதறியதா, அதற்குக் கீழே மஞ்சளாக இருக்கும் டென்டின் தெரிகிறதா, உள்ளே சிவப்புப் புள்ளியாக நரம்பு தெரிந்து ரத்தம் கசிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. நீங்கள் ரத்தம் எதுவும் சொல்லவில்லை, குளிர்ந்த காற்று பட்டால் கூசுகிறது என்றிருக்கிறீர்கள். கூசுவதே அந்தப் பல்லின் நரம்பு வேலை செய்கிறது என்பதற்கு நல்ல சாட்சி, ஐஸ் சோதனை என்ன சொன்னாலும். டென்டின் வரை உடைந்த பல்லுக்கு இப்போது வேண்டியது அந்த இடத்தை மூடுவது. டென்டினில் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் உண்டு, அவை வழியாகத்தான் கிருமி உள்ளே போகும். நான்கு நாளாகத் திறந்து கிடக்கிறது என்றால் இன்றோ நாளையோ அதை மூடச் சொல்லுங்கள். நேரம் இல்லாவிட்டால் கிளாஸ் அயனோமர் வைத்துத் தற்காலிகமாக மூடினாலும் போதும், அழகாகக் காம்போசிட் கட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நரம்புக்கு மேல் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக டென்டின் மிஞ்சி, இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், அடியில் கால்சியம் ஹைட்ராக்சைடு பூச்சு வைத்து மேலே மூடுவார்கள்.

உடைந்த துண்டு கிடைத்திருந்தால் தூக்கிப் போட வேண்டாம். உலர்ந்து போன துண்டை 20 நிமிடம் தண்ணீரிலோ சலைனிலோ ஊறவைத்து ஒட்டினால், நிறத்திலும் பளபளப்பிலும் அதற்கு இணையாக எந்தக் காம்போசிட்டும் நிற்காது. துண்டு கிடைக்கவில்லை என்றால் அது எங்கே போனது என்று கேட்டே ஆக வேண்டும். உங்களுக்குக் கீழுதட்டில் தையல் போட்டிருக்கிறார்கள். உதட்டுக்குள் பல் துண்டு இருக்கும்போதே மேலே தைத்து அனுப்புவது அவசரப் பிரிவுகளில் நடக்கும் தவறுதான். விரலால் தடவினால் கட்டியாக ஏதாவது தட்டுப்படுகிறதா பாருங்கள். உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே ஃபிலிமை வைத்து, கதிர்வீச்சைக் குறைத்து ஓர் எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். விழுந்த பிறகு விடாத இருமலோ மூச்சில் விசில் சத்தமோ இருந்தால் நெஞ்சு எக்ஸ்ரேயும் வேண்டும்.

ஒருவேளை நரம்பு வெளியே தெரிந்திருந்தாலும், வயது வந்தவர்களுக்கு உடனே ரூட் கேனால் என்ற பழைய வழக்கம் மாறிவருகிறது. வெளியே தெரியும் திசுவை மேலாக 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு, தண்ணீர் பீய்ச்சியபடி வைரத்துகள் பதித்த துளைமுனையால் எடுத்துவிட்டு, சோடியம் ஹைப்போகுளோரைட் நனைத்த பஞ்சை வைத்து அழுத்தினால் சில நிமிடங்களில் ரத்தம் நிற்கும். அதன்மேல் பல் நிறத்தைக் கெடுக்காத கால்சியம் சிலிகேட் சிமென்ட் வைத்து மூடினால் மீதித் திசு பிழைத்துக்கொள்ளும். இந்தச் சிகிச்சைக்கு ஸ்வீடனில் பணியாற்றிய ஸ்வெக் என்ற பல் மருத்துவரின் பெயரே வழங்குகிறது. அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை என்றால் அழற்சி ஆழமாகப் போயிருக்கிறது என்று பொருள். இன்னும் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். சாம்பல் நிற எம்.டி.ஏ. என்ற சிமென்டை முன்பல்லில் வைத்தால் சில மாதங்களில் பல் கறுத்துப் போகும், பிறகு நரம்பு செத்துவிட்டது என்று எல்லோரும் பயப்படுவார்கள். எந்தச் சிமென்ட் என்று கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

சாய்ந்த பல்தான் கவனம் வேண்டிய பல். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, "சாய்ந்திருந்ததே தவிர ஆடவே இல்லை" என்ற வரி. பக்கவாட்டில் பெயர்ந்த பல்லின் அடையாளமே அதுதான். பல்லின் தலை அண்ணத்துப் பக்கம் போகும்போது வேர்நுனி எதிர்ப்பக்கமாக, உதட்டை நோக்கி நகர்ந்து, முன்பக்க எலும்புத் தகட்டை உடைத்துக்கொண்டு அங்கே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் ஆடுவதில்லை. டாக்டர் வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடியின் கைப்பிடியால் தட்டினால் பக்கத்துப் பல்லைவிடக் கணீரென்று உலோகச் சத்தம் வரும். நேர்க்கோணத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். கோணத்தை மாற்றியோ, கடித்துப் பிடிக்கும் பெரிய ஃபிலிமிலோ எடுத்தால் வேர்நுனிக்கு மேலே குழி காலியாக இருப்பது தெரியும். நிமிர்த்துவதிலும் வகை உண்டு. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறின் மேல் தட்டுப்படும் வேர்நுனியை ஒரு விரலால் கீழ்நோக்கி அழுத்தி விடுவித்த பிறகுதான், இன்னொரு விரலால் பல்லின் தலையை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். தலையை மட்டும் இழுத்தால் நுனி அங்கேயே மாட்டிக்கொண்டு, பார்வைக்கு நேராகவும் எலும்புக்குள் கோணலாகவும் நிற்கும். எனவே நிமிர்த்திய பிறகு எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா என்று முதல் டாக்டரிடம் கேளுங்கள். கடித்தால் அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறது என்றால் பல் இன்னும் முழுதாக இடத்துக்கு வரவில்லை.

இந்தப் பல்லின் உள்திசு பிழைக்க வாய்ப்பு குறைவு. காரணம் எளிது. வளர்ந்த பல்லின் வேர்நுனித் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நுனி நகர்ந்த கணத்தில் அதற்குள் போகும் ரத்தக்குழாய் அறுந்துவிடும், அவ்வளவு குறுகலான துளை வழியாகப் புதிய குழாய் வளர்ந்து உள்ளே போவது அரிது. எட்டு வயதுக் குழந்தையின் பல்லில் துளை அகலமாக இருக்கும், அங்கே காத்திருப்பதற்கு அர்த்தம் உண்டு. உங்கள் வயதில் அந்த நம்பிக்கையை நீட்டிக்க முடியாது. இறந்த திசுவில் கிருமி சேர்ந்தால், அடிபட்ட வேர்ப்பரப்பின் வழியே நச்சு வெளியே கசிந்து, வேரைச் சுற்றிலும் எலும்பும் வேரும் சேர்ந்து கரையத் தொடங்கும். இது வாரக் கணக்கில் நடக்கக்கூடியது, வலியும் இருக்காது. அதனால் வழிகாட்டுதல் இரண்டாவது வாரத்தில் இந்தப் பல்லை உட்கார்ந்து மதிப்பிடச் சொல்கிறது. வேர் முழுதாக வளர்ந்த பல்லில், இந்தக் கரைதலைத் தடுக்க, ரூட் கேனாலைத் தொடங்கச் சொல்கிறது. ஸ்பிளின்ட் இருக்கும்போதே செய்வது வசதி, பல் ஆடாது. உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு போன்ற மருந்தைச் சில வாரம் வைத்துவிட்டு, பிறகு நிரப்பி மூடுவார்கள். இன்றைக்கே திறக்க வேண்டிய அவசியமில்லை, ஆனால் 3 மாதம் காத்திருந்தால் சில சமயம் வேர் கைவிட்டுப் போகும். முதல் டாக்டரின் 'பொறுத்துப் பார்க்கலாம்' என்பதற்கு ஒரு தேதி வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆட்சேபம்.

ஸ்பிளின்ட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பக்கவாட்டில் பெயர்ந்த பல்லுக்கு 4 வாரம். கம்பி 0.4 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது. கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் நார்த்திசு சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலம்தான். அது நல்லபடி ஆற, பல் இயல்பாக அசையும் அளவுக்கு அசைந்துகொண்டிருக்க வேண்டும். அசையவே விடாமல் மாதக் கணக்கில் இறுக்கினால் பல்லும் எலும்பும் நேராக ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடும். காம்போசிட் பொட்டு பல்லின் முகப்பில், ஈறைத் தொடாமல் இருக்க வேண்டும். தாடை உடைவுக்குக் கட்டுவது போலப் பல்லின் கழுத்தைச் சுற்றி முறுக்கிக் கட்டிய எஃகுக் கம்பியாக உங்களுடையது இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அது ஈறுக்குள் வழுக்கி இறங்கும், அழுக்கும் தங்கும். 2 வாரம் இட்லி, குழைத்த சாதம், கஞ்சி போதும். மிருதுவான பிரஷால் ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் தேய்க்க வேண்டும். வலிக்கும் என்று தேய்க்காமல் விட்டால் ஈறில் சேரும் அழுக்கே ஆறுவதைக் கெடுக்கும். 0.12 சதவீத குளோர்ஹெக்சிடின் காலையும் இரவும் கொப்பளியுங்கள். 2 வாரம் தாண்டினால் பல் பழுப்பேறும், நாக்கில் ருசி மாறும். அதற்கு மேல் வேண்டாம்.

மற்றக் காயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வலப்பல்லுக்கும் மூலை உடைந்ததோடு இவற்றில் ஒன்று சேர்ந்திருக்கலாம். தொட்டால் வலி, ஆட்டமில்லை, இடம் மாறவில்லை என்றால் வெறும் அதிர்ச்சி, சிகிச்சை தேவையில்லை. ஆடுகிறது, ஈறோரம் ரத்தம் கசிந்தது, ஆனால் இடம் மாறவில்லை என்றால் தளர்ச்சி. மிகவும் ஆடினாலோ கடிக்க முடியாவிட்டாலோ மட்டும் 2 வாரம் வரை ஸ்பிளின்ட். பல் நீண்டு வெளியே தொங்கினால் மெதுவாக உள்ளே தள்ளி 2 வாரம் ஸ்பிளின்ட். எலும்புக்குள் அமிழ்ந்து போன பல்தான் மோசமான வகை: வளர்ந்த பல் 3 மில்லிமீட்டருக்குள் அமிழ்ந்திருந்தால் தானாக இறங்கி வர 8 வாரம் விட்டுப் பார்க்கலாம், 3 மில்லிமீட்டருக்கு மேல் அமிழ்ந்திருந்தால் பல்லை இறக்கியே ஆக வேண்டும், ரூட் கேனாலும் 2 வாரத்தில் தொடங்க வேண்டும். ஒரு பல்லை ஆட்டும்போது பக்கத்துப் பற்களும் சேர்ந்து கட்டாக அசைந்தால் பல்லைத் தாங்கும் எலும்பே உடைந்திருக்கிறது. இதைச் சோதிக்க விரல் போதும், ஆனால் செய்யாமல் விடுபவர்கள் உண்டு.

வேர் உடைந்த பல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேவையில்லாமல் பிடுங்கப்படும் பற்களில் இவை அதிகம். ஈறுக்கு உள்ளே, எலும்பின் நடுவில் வேர் குறுக்காக உடைந்தால் எக்ஸ்ரேயில் பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் மேல்துண்டை இடத்தில் சேர்த்து 4 வாரம் ஸ்பிளின்ட் போட்டால் பல பற்கள் ஆறிவிடும். ஈறுக்குப் பக்கத்தில் உடைந்தால் மட்டும் ஸ்பிளின்ட் 4 மாதம் வரை நீளலாம். முதல் நாளில் ரூட் கேனால் செய்யக் கூடாது. பின்னால் தேவைப்பட்டாலும் மேல்துண்டுக்கு மட்டும், உடைந்த கோடு வரைதான். நுனித்துண்டின் உள்திசு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும், அதை விட்டுவிட வேண்டும்.

பல் முழுதாகக் கழன்று விழுந்தால் என்ன செய்வது என்று உங்கள் கேள்விக்குக் கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார். பல் காயங்களில் மருத்துவரைவிடப் பக்கத்தில் நிற்பவரின் கைக்கு அதிக வேலை இருக்கும் காயம் இது ஒன்றுதான். வெள்ளையான தலைப்பகுதியை மட்டும் பிடித்துத் தூக்குங்கள், மஞ்சளான வேரைத் தொடவே கூடாது. மண் ஒட்டியிருந்தால் ஆறிய பாலிலோ சலைனிலோ சில விநாடி அலசுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் அடிபட்டவரின் எச்சிலிலேயே. துணியால் துடைப்பது, சோப்புப் போடுவது, தேய்ப்பது எதுவும் வேண்டாம். பல்லின் குழிவான பக்கம் நாக்கை நோக்கி இருக்கும்படி அதே குழியில் வைத்து அழுத்தி, கைக்குட்டையை மடித்துக் கடிக்கச் சொல்லி, அப்படியே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வைக்கத் தைரியம் வரவில்லை, அல்லது அவர் மயக்கமாக இருக்கிறார் என்றால் பாலில் போடுங்கள். பாக்கெட் பால் குளிர்ந்ததாக இருந்தால் நல்லது. டீக்கடையில் கொதித்துக்கொண்டிருக்கும் பால் வேரின் மேலுள்ள செல்களை வேகவைத்துவிடும். தயிரும் மோரும் புளிப்பு, கூடாது. இளநீரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஆய்வகச் சோதனைகளில் அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் முடிவுகள் வந்திருக்கின்றன. அதன் அமிலத்தன்மைதான் சிக்கல். பால் கிடைக்கும் இடத்தில் பாலே போதும். பாலும் இல்லை என்றால் டம்ளரில் அவர் எச்சிலைத் துப்பச் சொல்லி அதில் போடலாம். வெறும் தண்ணீர் நல்லதல்ல, ஆனால் காயவிடுவதைவிட மேல். டிஷ்யூவில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்து எடுத்து வருவதுதான் எல்லாவற்றிலும் கெடுதல்.

உலர்ந்தபடி 60 நிமிடம் கடந்தால் வேர்மேல் உள்ள செல்கள் பெரும்பாலும் பிழைக்காது. அப்போதும் பல்லைத் திரும்ப வைப்பதையே வழிகாட்டுதல் விரும்புகிறது. அந்தப் பல் எலும்போடு ஒட்டி, வேர் மெல்ல மெல்ல எலும்பாக மாறும். ஆனால் வயது வந்தவர்களுக்கு இது குழந்தைகளைவிட மெதுவாக நடக்கும், தாடை வளர்ச்சியும் முடிந்துவிட்டதால் பல் குட்டையாகத் தெரியாது. பல வருடம் தாங்கினால், எலும்பின் அகலம் குறையாமல் காப்பாற்றிக்கொள்ளலாம், இம்பிளான்ட்டை நிதானமாக யோசிக்கலாம். எப்படி வைத்தாலும் 2 வாரம் ஸ்பிளின்ட், 2 வாரத்துக்குள் ரூட் கேனால். வளர்ந்த பல்லில் இதற்கு விதிவிலக்கு இல்லை.

உறுதியாகச் சொல்ல முடியாத சிலவும் உண்டு. ஆன்டிபயாட்டிக் முதலில். கழன்று விழுந்து திரும்ப வைத்த பல்லுக்கு அமாக்சிசிலின் கொடுப்பது வழக்கம், அதற்கே மனிதர்களிடம் கிடைத்த ஆதாரம் வலுவானதல்ல. பெயர்ந்த பல்லுக்கோ வேர் உடைந்த பல்லுக்கோ அது ஆறுவதற்கு உதவுகிறது என்று காட்ட ஆதாரம் இல்லை. உதடு கிழிந்து மண் புகுந்திருந்தால் அது தனிக் காரணம். உங்களுக்கு 5 நாள் மாத்திரை கொடுத்திருப்பது அதற்காக இருக்கலாம். அடுத்து, வேர்நுனியில் தெரியும் நிழல்: அடிபட்ட சில மாதங்களில் தோன்றி, எந்தச் சிகிச்சையும் இல்லாமல் மறைந்துபோகும் நிழலும் உண்டு. எந்த நிழல் மறையும், எது வளரும் என்று ஒரு படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. சில வாரம் கழித்து எடுத்த அடுத்த படம்தான் சொல்லும். நிறமும் அப்படித்தான். முதல் சில வாரத்தில் வரும் இளஞ்சிவப்பு கலந்த சாம்பல், ரத்தக் கசிவாக இருந்து தெளிந்துவிடலாம். ஒரு வருடம் கழித்துப் பல் மஞ்சளேறினால் உள்கால்வாய் சுருங்கி அடைபடுகிறது என்று பொருள். பல் உயிரோடிருக்கும் அடையாளம் அது, அந்தக் காரணத்துக்காக மட்டும் ரூட் கேனால் செய்யக் கூடாது. முப்பரிமாண ஸ்கேன் எல்லோருக்கும் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேர் உடைவு, பக்கவாட்டுப் பெயர்ச்சி இரண்டிலும் அது கூடுதலாக எதையாவது காட்டும். ஆனால் சிகிச்சையை மாற்றக்கூடிய தகவல் கிடைக்கும் என்றால் மட்டும் எடுக்கலாம். உங்கள் இடப்பல்லுக்கு எடுத்தால் தவறில்லை, எடுக்காவிட்டாலும் வெவ்வேறு கோணத்தில் எடுத்த சாதாரணப் படங்கள் பெரும்பாலும் போதும்.

பல்லைத் தாண்டியும் இரண்டு விஷயம். தாடையில் நேராக அடிபட்டிருந்தால் காதுக்கு முன்னால் தாடை மூட்டு உடைந்திருக்கலாம். வாய் திறக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா, கடி மாறியிருக்கிறதா, நாக்குக்கு அடியில் நீலமாக ரத்தம் கட்டியிருக்கிறதா, கீழுதடு மரத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் வாய் அறுவை மருத்துவரிடம் உடனே போக வேண்டும். மண் பட்ட காயத்துக்குக் கடைசி டெட்டனஸ் ஊசி 5 வருடம் தாண்டியிருந்தால் இன்னொன்று போட வேண்டும். வாந்தி, விடாத தலைவலி, குழப்பம் எது வந்தாலும் பல்லை மறந்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்னொரு வண்டி மோதி விழுந்திருந்தால் அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவு, அதாவது ஏ.ஆர். காப்பி வாங்கி வையுங்கள். பல் உடைவதும் பெயர்வதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவில், முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவில், கொடுங்காயத்தின் பட்டியலில் வருகிறது. எந்தப் பல், என்ன காயம் என்று முதல் நாளே எழுதப்படாத கேஸ் பின்னால் இழுபடும்.

உங்களுக்கான நாள் கணக்கு இப்படி வரும். இந்த இரண்டு நாளுக்குள் வலப்பல்லின் டென்டினை மூடுவது, நிமிர்த்திய பின் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்ப்பது. 14ஆம் நாளை ஒட்டி இடப்பல்லில் ரூட் கேனால் தொடங்குவது, அதற்குள் டாக்டர் நேரில் சோதித்து அந்தப் பல் உண்மையில் தளர்ச்சி மட்டுமே என்று சொன்னால் தவிர. 4 வாரத்தில் ஸ்பிளின்ட்டைக் கழற்றுவது. வலப்பல்லையும் விட்டுவிடாமல், ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் எக்ஸ்ரே, அதே குளிர் ஸ்பிரே என்று 8 வாரம், 12 வாரம், 6 மாதம், 1 வருடம், பிறகு குறைந்தது 5 வருடம் வரை வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது. ரூட் கேனால் செய்த இடப்பல்லிலும் பின்பக்கத்துச் சிறு துளையைக் காம்போசிட்டால் அடைத்தால் போதும். பல்லின் மீதிப் பகுதி முழுதாக இருக்கும்போது கேப்புக்காக அதைச் செதுக்கினால் உள்ள வலுவும் போய்விடும். படங்களின் நகலை இரண்டு டாக்டரிடமிருந்தும் கேட்டு உங்கள் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஈறில் கொப்புளம் வந்தாலோ, ஆட்டம் கூடினாலோ, தானாக வலித்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.